சந்தேகமே இல்லாமல் வெட்டிய குழாய்

நான் வெட்டப்போவது சரியான குழாய்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால், குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றிருக்க மாட்டார்.

ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாம் மாடி வீட்டில் ஒரு பழைய குளியலறையை அடைத்து அலமாரி ஆக்கப்போகிறார்கள். அங்கே போகும் சின்னக் குழாய், மெயின் லைனைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அதை வெட்டி முனையை அடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இருபத்தாறு வருஷமாக இதையேதான் செய்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். அன்று கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தேன் போலிருக்கிறது.

சுவருக்குப் பின்னால் குழாய்கள் ஏறி இறங்கும் குறுகலான பொந்து ஒன்று உண்டு. தலையும் வலது கையும் உள்ளே போயின. தொப்பை வர மறுத்துவிட்டது. சின்னக் குழாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு எட்டாமல் கிடந்ததால், என் பக்கமாக இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. அதோடு சேர்ந்து மெயின் லைனும் வளைந்து வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டின் மேலும் ஒரே மாதிரி பழைய காப்புத் துணி சுற்றியிருந்தது. பருமன் தெரியவில்லை. இரண்டும் ஒரே கோட்டில், ஒரே குழாய்போல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன. வீட்டு வால்வை மூடியாகிவிட்டது; உள்ளே தண்ணீர் கிடையாது; பிறகென்ன? ரம்பத்தை வைத்தேன்.

மொட்டைமாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் மொத்தமும் என் முகத்தைப் பார்க்க வந்தது.

தொட்டி வால்வை மூட மேலே ஓடினேன். வழியில் ஒருமுறை விழுந்தேன். அதற்குள் தண்ணீர் பொந்து வழியாக லிஃப்டு ஓடும் இடத்துக்குப் போய்விட்டது. லிஃப்டு நின்றுபோய், செயலாளர் இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே தொங்கினார். மேலே மின்விசிறி ஓட்டை வழியாகத் தண்ணீர். வானம் இருண்டிருந்ததால் குடை எடுத்து வந்திருந்தார், பாவம். கதவைத் திறந்தபோது விரித்த குடையுடன் வெளியே வந்து, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்படிங்க?"

"லைன் ரொம்ப குழம்பிக் கிடக்கு சார்," என்றேன். "போட்டவன் அப்படிப் போட்டிருக்கான்."

போட்டவன் சரியாகத்தான் போட்டிருந்தான். பாராட்டியிருக்க வேண்டும் அவனை.

வீட்டுக்குப் போனதும் மனைவி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மழை."

"இங்க ஒரு சொட்டு இல்ல."

"அங்க இருந்துச்சு."

பொய் என்று சொல்ல முடியாது. லிஃப்டில் நனைந்தவரைக் கேட்டால் ஆமாம் என்பார். ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்ல அது நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன்.

அதிலும் என் கைவரிசை உண்டு. நான்கு மாதம் முன்பு, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுவரை இழுக்கிறது என்று சுருண்டு படுத்தாள். நான் சோடா வாங்கிவந்தேன். "கேஸ். ரெண்டு ஏப்பம் விட்டா சரியாயிடும்." சரியானது. அடுத்த மாதம் மறுபடி, மறுபடி சோடா. மூன்றாவது முறை இஞ்சியும் சேர்த்தேன், வைத்தியத்தில் முன்னேறியிருந்தேன். நான்காவது முறை காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தவளை அவள் தம்பி வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனான். ஸ்கேனில் கற்கள். சின்னதும் பெரியதுமாகப் பதினொன்று. நான் சோடா ஊற்றி வளர்த்தவை.

காய்ச்சல் தணிய மருந்து கொடுத்து, ஒரு நாள் குறித்தார்கள். அந்த நாள்தான் விடிந்தது.

காலை ஏழரைக்கு அவள் முதுகுப்பக்கம் முடிச்சுப்போட்ட பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். என் மைத்துனன் ஜன்னலோரம். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியன். பதினைந்து வருஷமாக, கற்றுக்கொள்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பிழைப்பு நடத்துகிறான். அதனால் எங்கே எது வேகமாக நகர்ந்தாலும் அவன் வலதுகால் தரையை அழுத்தும். அன்று மருந்து வண்டி ஒவ்வொன்றுக்கும் அழுத்திக்கொண்டிருந்தான்.

சர்ஜன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் ரகம். அவருக்குப் பின்னால், கையில் அட்டையுடன், தியேட்டர் நர்ஸ் ஒருவர். சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம். மனதுக்குள் அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தேன்.

"வயித்துல நாலு சின்ன ஓட்டை," என்று மனைவியிடம் சொன்னார் சர்ஜன். "தொப்புள் வழியா கேமரா போகும். மத்ததுல கருவிங்க. முதல்ல வயித்துக்குள்ள கேஸ் அடைப்போம். உள்ள இடம் வேணும்ல, அதுக்கு."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "கடைசில கேஸ்தான்னு சொல்லிட்டாங்க. சந்தோஷமா?"

மைத்துனன் சிரித்துவிட்டான். ஹெட்மாஸ்டர் அட்டையில் எதையோ குறித்தார்.

சர்ஜன் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கு அடியில் தொங்கும் ஒரு பை. பையிலிருந்து இறங்கும் சின்னக் குழாய். அது போய்ச் சேரும் பெரிய குழாய். "பெரிசு, கல்லீரல்லேர்ந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோற மெயின். அதைத் தொடக்கூடாது. இந்தச் சின்னதை மட்டும், சேர்ற இடத்துக்கு முன்னாடி, கிளிப் போட்டு வெட்டணும்."

நேற்று நான் பார்த்த படம் இது. அந்த வீட்டுக்காரர் எனக்கு இதையேதான், சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில், போட்டுக் காட்டினார்.

"மாத்தி வெட்டிட்டா?" என்றேன்.

"என்னங்க!" என்றாள் மனைவி.

"கேட்கலாம், தப்பில்ல," என்றார் சர்ஜன். "அபூர்வமா நடக்கும். நடந்தா பெரிய விஷயம். மறுபடி திறந்து பெரிய ஆபரேஷன் பண்ணிச் சரிபண்ணணும், மாசக்கணக்கா கஷ்டம். அதனாலதான் ஒரு முறை வச்சிருக்கோம். சுத்தியிருக்கற கொழுப்பையெல்லாம் எடுத்துட்டு, பையோட அடிப்பக்கத்தைக் கல்லீரல்லேர்ந்து பிரிச்சுட்டுப் பாப்போம். பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு, ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், அப்படின்னு பளிச்சுனு தெரியணும், ரெண்டுக்கும் பின்னாடி கல்லீரலும் தெரியணும். ஊசியில ஒரு சாயம் கொடுப்போம், தனி வெளிச்சத்துல பித்தம் ஓடற குழாய் பச்சையா மின்னும். அப்புறம் கையை நிறுத்திட்டு, அறையில இருக்கற எல்லாரையும் கேட்போம். ஒருத்தர் 'தெரியல'ன்னாலும் வெட்ட மாட்டோம்."

பச்சையாக மின்னும் குழாய்! அந்தப் பொந்துக்குள் எனக்கு ஒன்று மின்னியிருந்தால்!

"நீங்க எப்பவாவது மாத்தி வெட்டியிருக்கீங்களா டாக்டர்?"

அவர் வாயைத் திறந்தார். அதே நேரம் வாசலில் ஒருவர் வந்து முதல் நோயாளி தயார் என்றார். சர்ஜன் தலைமேல் இருந்த கண்ணாடியைப் பையில் தேடிக்கொண்டே, "பாத்துக்கலாம், கவலைப்படாதீங்க," என்று கிளம்பிவிட்டார்.

அது பதிலா? "இன்னிக்குள்ள தண்ணி வந்துடும், கவலைப்படாதீங்க" என்று நான் நேற்று இருபது வீட்டில் சொன்னதைப்போல இருந்தது. அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது.

வராந்தாவில் ஹெட்மாஸ்டரை மறித்தேன். "சிஸ்டர், இந்த டாக்டர் எப்பவாவது குழாயை மாத்தி..."

"நான் இவங்களோட சேர்ந்து ஆறு வருஷம். நான் பாத்து இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் பாக்கல. பாக்காததை நான் சொல்றதில்ல." நடந்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது? நல்லாயிருந்த மனதைக் கெடுத்துக்கொண்டேன். மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வந்தார், அவரையும் விடவில்லை. "நான் தூங்கவைக்கறவன் சார். வெட்டறவங்களைக் கேளுங்க." வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டேன். கேள்வியை எழுதிக் கருத்துப் பெட்டியில் போடச் சொன்னாள். பெட்டியின் பூட்டு துருப்பிடித்திருந்தது.

மைத்துனன் பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்தான். "மாமா, ஆஸ்பத்திரி முழுக்க விசாரணைக் கமிஷன் வைக்கறீங்களா? வாங்க, அக்காவைக் கூட்டிட்டுப் போறாங்க."

தள்ளுகட்டிலில் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். தலையில் காகிதத் தொப்பி. இரண்டு பக்கமும் நாங்கள் நடந்தோம். லிஃப்டு வரத் தாமதமானது. எனக்கும் லிஃப்டுக்கும் அந்த வாரம் ராசியில்லை.

"ரெண்டு கேள்வி கேக்கறேன்," என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடி. "நேத்து குழாயை மாத்தி வெட்டினீங்கதானே?"

"யார் சொன்னா?"

"செயலாளர் பொண்டாட்டி ராத்திரியே போன் பண்ணிட்டாங்க. குடையோட போட்டோவும் வந்துச்சு."

"அது... லைன் ரொம்ப குழம்பிக் கிடந்துச்சும்மா."

"சரி. ரெண்டாவது. நாலு மாசமா கேஸ் கேஸ்னீங்களே. நிஜமாவே அப்படி நினைச்சீங்களா, இல்ல ஆஸ்பத்திரிக்கு வர பயந்துகிட்டா?"

லிஃப்டு வந்தது. அதைப் பார்த்து எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, நல்லபடியா போயிட்டு வா."

"நேரா ஒரு பதில் சொல்ல மட்டும் உங்களுக்கு வாயே வராது," என்றாள். கோபம் இல்லை. கையை நீட்டி என் சட்டைப் பித்தான் ஒன்று அவிழ்ந்திருந்ததைப் போட்டுவிட்டாள். "வெளிய வரதுக்குள்ள யோசிச்சு வைங்க." கதவு மூடியது. மைத்துனன் கால் தரையை அழுத்தியது.

ஒரு மணி நேரம், அதிகமானால் ஒன்றரை என்றார்கள். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண், பக்கத்தில் என்ன நிலை என்று. அவள் எண் பதினேழு. எட்டரைக்கு 'தயாராகிறார்' என்றது. எட்டு ஐம்பதுக்கு 'அறுவை நடக்கிறது' என்றது. அதோடு வாயை மூடிக்கொண்டது.

ஒன்பதரைக்கு முதல் போன். செயலாளர். மூக்கடைத்திருந்தது அவருக்கு.

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். எல்லாரும் கேப்பாங்க. எப்படி நடந்துச்சுன்னு ஒரே வரி சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"உள்ள லைன் ரொம்ப குழம்பிக் கிடக்கு சார், வருஷக்கணக்கா..."

"அது வானிலை அறிக்கை. எனக்கு வேண்டியது ஒரு வரி." தும்மினார். "யோசிச்சுட்டு சொல்லுங்க."

எல்லோரும் என்னை யோசிக்கச் சொல்கிறார்கள். நான் அதற்குப் பழகியவன் இல்லை. எழுந்தேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன். கூடத்தில் முப்பத்திரண்டு நாற்காலி, அதில் ஒன்பது ஆடுகிறது. பத்து மணிக்கு எண் பதினாறு 'முடிந்தது' ஆனது. பத்தேகாலுக்கு எண் பதினெட்டு 'முடிந்தது' ஆனது. பதினெட்டின் வீட்டார் எழுந்து ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டு போனார்கள். பதினேழு அப்படியே.

"பதினெட்டு வேற ஆபரேஷனா இருக்கும் மாமா."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீங்க பலகையை முறைக்கறது எனக்குக் கேக்குது."

பத்து ஐம்பதுக்கு வரவேற்பு மேசைக்குப் போனேன். "பதினேழு என்ன ஆச்சும்மா?" அவள் திரையைப் பார்த்தாள். "நடந்துட்டிருக்கு சார்." "அது எனக்கும் தெரியுது. ஏன் இவ்வளவு நேரம்?" "சில சமயம் உள்ள கொஞ்சம் குழப்பமா இருந்தா நேரமாகும் சார்."

குழப்பமாக இருந்தால்! என் சொந்தச் சரக்கு, என் கண்ணெதிரிலேயே என்னிடம் விற்கப்பட்டது. உள்ளே குழம்பிக் கிடக்கிறது என்றால், யாரோ இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க வருகிறது. எல்லாம் நேராகத் தெரிகிறது. கையில் ரம்பம்.

முகம் கழுவக் கழிவறைக்குப் போனேன். அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் சொட்டுவதை நான் பார்த்துக்கொண்டு சும்மா போனதாகச் சரித்திரம் இல்லை. மண்டியிட்டுக் கை கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்தேன். சுவரிலிருந்து இரண்டு குழாய், இரண்டு வால்வு. என் கை யோசிக்காமல் இடதுபக்கத்து வால்வுக்குப் போனது. இதுதான். சந்தேகமே இல்லை.

கை நின்றது.

இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக என் கையைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. விரலை அந்தக் குழாயின்மேல் வைத்து, மெல்ல, பின்பக்கம் தடவிக்கொண்டே போனேன். அது தொட்டிக்கு ஏறவில்லை. வளைந்து, சுவரைத் துளைத்து, அடுத்த அறைக்குப் போனது. அங்கே யார் கை கழுவிக்கொண்டிருந்தார்களோ, எந்த வேலைக்காகவோ. தொட்டியுடையது வலதுபக்கம்.

வால்வை மூடவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் ஒருவர் உள்ளே வந்து தயங்கினார்.

"ரிப்பேருங்களா?"

"இல்லைங்க. யோசிக்கிறேன்."

"இங்கயா?" என்றவர், நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் வேறு கழிவறை தேடிப் போனார்.

போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டேன்.

"ஒரு வரி கேட்டீங்கல்ல சார், எழுதிக்குங்க. லைன் ஒண்ணும் குழம்பிக் கிடக்கல, நல்லாத்தான் போட்டிருக்கான். நான் சின்னதை இழுத்தேன், மெயினும் சேர்ந்து வந்துச்சு, கையை வச்சுத் தடவிப் பாக்கல, வெட்டிட்டேன். தப்பு என்னுது."

எதிர்ப்பக்கம் பேனா கீறுவது மட்டும் கேட்டது.

"இது ஒரு வரி இல்லையே," என்றார் கடைசியில். "பரவாயில்ல, இதையே வாசிக்கறேன்." கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்கு வீட்ல ஆபரேஷனாமே? என் பொண்டாட்டி இப்பதான் சொன்னா. அதைச் சொல்லியிருந்தா நான் காலையில போன் பண்ணியிருக்க மாட்டேனே. முடிஞ்சுதா?"

"இல்லை சார். நேரமாகுது."

"ஆகும், ஆகும்," என்றார். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் தும்மினார்.

கூடத்துக்குத் திரும்பினேன். மைத்துனன் என் ஈரமான பின்பக்கத்தைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ளே, அது கேஸ்னு நான் நினைக்கல."

"தெரியும் மாமா."

"முதல் தடவை நினைச்சேன். ரெண்டாவது தடவை, கேஸா இருக்கணும்னு நினைச்சேன். எனக்குப் பயம். உள்ள கூட்டிட்டு வந்தா வெளிய அனுப்பாம போயிடுவாங்களோன்னு."

"அக்காவுக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டா?"

"உங்க வாயால வரட்டும்னுதான்." பலகையைப் பார்த்தபடியே சொன்னான். "என்கிட்ட கத்துக்க வரவங்ககூட இடிச்சப்புறம் 'வண்டி தானா போச்சு'ன்னுதான் சொல்வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பக்கத்துல உக்காந்திருப்பேன். கொஞ்ச நேரத்துல அவங்களே சொல்லிடுவாங்க."

பதினொன்று இருபதுக்குத் தியேட்டர் கதவு திறந்தது. சர்ஜன். தொப்பி நெற்றியில் கோடு போட்டிருந்தது. நான் எழுந்த வேகத்தில் ஆடும் நாற்காலி சாய்ந்து விழுந்தது. மைத்துனன் காலை அழுத்தினான். இந்தமுறை அவன் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

"நல்லா இருக்காங்க," என்றார் முதலில். "கண்ணு முழிச்சாச்சு. மெயின் குழாய்க்கு ஒண்ணும் ஆகல."

அவர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார். அவருக்கும் ஆடுகிற நாற்காலிதான் கிடைத்தது.

"ஆனா பையை முழுசா எடுக்கல. பலதடவை வீங்கி வீங்கி, அடிப்பக்கம் சுத்தியிருக்கறதோட கல்லு மாதிரி ஒட்டிப்போயிருக்கு. சாயம் கொடுத்தும் மங்கலாத்தான் இருந்துச்சு. அதனால பையைத் திறந்து, கல்லு எல்லாத்தையும் எடுத்துட்டு, மேல்பக்கம் பூராவும் எடுத்தாச்சு. மெயின் குழாய்கிட்ட ஒட்டியிருந்த அடிப்பகுதியை மட்டும் அப்படியே விட்டு உள்ள தைச்சுட்டேன். வயித்துல ஒரு டியூப் வச்சிருக்கேன், பித்தம் கசிஞ்சா வெளிய வர. சில பேருக்குக் கொஞ்ச நாள் கசியும், நிக்கும். பாத்துக்கணும்."

"அந்தக் குழாயை வெட்டவே இல்லையா?"

"வெட்டல." தொப்பியைக் கழற்றி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார். "எனக்கு அது தெரிஞ்சுது. சின்னக் குழாய், தெளிவா. கிளிப் கையில வந்துடுச்சு. வழக்கம்போல நிறுத்திக் கேட்டேன். கேமரா பிடிச்சவர் தெரியுதுன்னார். மயக்க டாக்டர் தெரியுதுன்னார். கருவி கொடுக்கற சிஸ்டர் 'எனக்குத் தெரியல'ன்னாங்க."

ஹெட்மாஸ்டர்! பார்க்காததைச் சொல்லாதவர்.

"நல்லா பாருங்க சிஸ்டர்னேன். 'பாத்துட்டுத்தான் சொல்றேன் டாக்டர், பின்னாடி எனக்குக் கல்லீரல் தெரியல'ன்னாங்க. சரின்னு இழுத்துப் பிடிச்சிருந்ததைத் தளர்த்தினேன். நான் சின்னதுன்னு நினைச்சது அப்படியே கீழ எறங்கி, பெரிசோட போய்ப் படுத்துச்சு. ரெண்டுல எது எதுன்னு அதுக்கப்புறம் எனக்குச் சத்தியமா தெரியல. அங்கயே விட்டுட்டேன்."

மைத்துனன் நீளமாக மூச்சு விட்டான். நான் பேச வாயெடுத்தேன். நன்றி என்று சொல்லத்தான் எடுத்தேன். வந்தது வேறு.

"நான் குழாய் வேலை பாக்கறவன் டாக்டர். நேத்து இதேமாதிரி இழுத்து, மெயின் லைனை வெட்டிட்டேன். துளி சந்தேகம் இல்லாம. ஊர்பூரா லைன் குழம்பிக் கிடக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதனாலதான் காலையில உங்களை அப்படிக் கேட்டேன். உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல." இடையில் நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று தெரிந்து வேகமாக முடித்தேன். "இப்பவும் கேக்கறேன். நீங்க எப்பவாவது மாத்தி வெட்டியிருக்கீங்களா?"

மாமா என்று மைத்துனன் அடிக்குரலில் சொன்னான். சர்ஜன் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். காலையில் போல எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். "ரெண்டு நிமிஷம்," என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்.

"வெட்டியிருக்கேன்," என்றார். "ஒரு தடவை. ஒன்பது வருஷம் முன்னாடி. தையல் வேலை பாக்கற அம்மா, உங்க வீட்டம்மா வயசுதான் இருக்கும். ரெண்டு தடவை மறுபடி ஆபரேஷன் பண்ணவேண்டியிருந்துச்சு, எழுந்து தையல் மெஷின்ல உக்கார ஒரு வருஷமாச்சு. இப்ப நல்லா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் இதே மாதிரி ஒரு நாற்காலியில உக்காந்து, எப்படி ஆச்சுன்னு கேட்டார். உள்ள ரொம்ப குழம்பிக் கிடந்துச்சுன்னு சொன்னேன்." கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எதுவும் குழம்பிக் கிடக்கல. நான் இழுத்த இழுப்புல ரெண்டும் ஒண்ணா நேரா நின்னுச்சு. யாரையும் கேக்காம வெட்டிட்டேன்."